பதினான்காம் பக்கத்துக்கு வந்த குறிப்பு

மாரிச்செல்வி என்ற பெயரைப் பார்த்தாலே உமாராணிக்கு வயிறு எரிய ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இத்தனைக்கும் அந்தப் பெண்ணை அவள் நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. இலஞ்சியில் தையல் கடை வைத்திருக்கிறாள், பத்தாவது வரை படித்தவள், எதையும் போனில் கட்டை விரலால் தட்டித்தான் எழுதுவாள். தெரிந்தது இவ்வளவுதான். பகைக்கு இவ்வளவு போதும்.

விஷயம் ‘கத்தரி’ என்ற மென்பொருளைப் பற்றியது. ஜாக்கெட், சுடிதார், பாவாடை எதுவானாலும் அளவுகளைக் கொடுத்தால் துணியை எப்படி வெட்டுவது என்று கோடு போட்டுத் தந்துவிடும். அதைத் தாளில் அச்சடித்து, துணிமேல் வைத்து வெட்டிக்கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். பல ஊர்க்காரர்கள் சம்பளம் வாங்காமல் சேர்ந்து செய்தது. அதன் ஆங்கிலக் கையேட்டைத் தமிழில் கொண்டு வந்தவள் உமாராணி. நூற்று நாற்பது பக்கம், ஏழு வருட உழைப்பு.

தென்காசியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அவள் டீச்சர். காலையிலிருந்து சாயங்காலம் வரை பிள்ளைகளுக்கு ஒரே பாடத்தைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும் வேலை. அங்கே சுவரில் மாட்டியிருக்கும் படம் முதலாளியுடையது. சான்றிதழில் கையெழுத்தும் அவருடையது. வீட்டில் கணவன் கணேசமூர்த்தி போலீஸ் ஏட்டு என்பதால் தெருவே அவளை ஏட்டம்மா என்றுதான் கூப்பிடும். உமாராணி என்ற பெயர் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் அவளுக்காக மட்டும் நின்றது. ‘தமிழ்க் கையேடு: உமாராணி, தென்காசி’ என்று கையேட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி. வாரத்துக்கு ஒரு தடவையாவது அந்தப் பக்கத்தைத் திறந்து, ஒன்றும் செய்யாமல், சும்மா பார்த்துவிட்டு மூடுவாள்.

கையேட்டில் ஒரு பிழை கண்டால் அதை யாரும் திருத்தி அனுப்பலாம் என்றுதான் விதி. விதி இருந்தது, வழிதான் இல்லை. முதலில் ஒரு தளத்தில் கணக்குத் தொடங்க வேண்டும். பிறகு ஒரு மென்பொருளை நிறுவி, கையேடு முழுவதையும் தன் கணினிக்கு இறக்கி, அதில் தனக்கென்று ஒரு கிளை பிரித்து, இன்ன குறியீட்டில்தான் எழுத வேண்டும் என்று படித்துத் தெரிந்து, எழுதி, சரிபார்த்து, மறுபடி ஏற்ற வேண்டும். மொத்தம் பதினோரு படி. அந்தப் பதினோரு படியையும் விளக்கி ஒரு பக்கம் எழுதியதும் உமாராணிதான். அந்தப் பக்கம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஏழு வருடத்தில் அதைத் தாண்டி வந்தவர்கள் நாலு பேர். நாலு பேரும் இன்ஜினீயர்கள். ஒருத்தருக்கும் ஊசியில் நூல் கோக்கத் தெரியாது.

இந்த வருடம் மே மாதம் கோயம்புத்தூரிலிருந்து கத்தரியை நடத்தும் ஸ்ரீமதி ஒரு காரியம் செய்தாள். கையேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கட்டம் வைத்தாள். ‘இந்தப் பக்கத்தில் என்ன சரியில்லை?’ என்று கேட்கும் கட்டம். கணக்கும் வேண்டாம், கிளையும் வேண்டாம். தோன்றியதை எழுதி அனுப்பினால் அது பொறுப்பாளரிடம் போகும். பொறுப்பாளர் ஒப்புக்கொண்டால் பக்கத்தில் சேரும், எழுதினவர் பெயரும் கீழே வரும். தமிழுக்குப் பொறுப்பாளர் உமாராணி.

“யார் வேணும்னாலும் எழுதலாம்னா கையேடு சந்தக்கடை ஆயிரும்” என்று உமாராணி அப்போதே ஸ்ரீமதியிடம் போனில் சொல்லிப் பார்த்தாள்.

“வச்சுப் பார்ப்போமுங்க. சந்தைக்கடைக்குத்தானுங்க ஆளும் வரும்” என்று ஸ்ரீமதி சிரித்துவிட்டாள்.

ஆள் வந்தது. முதல் மாதத்திலேயே அறுபத்து மூன்று குறிப்புகள். அதில் இருபத்தொன்பது இலஞ்சி மாரிச்செல்வியுடையவை. ‘இந்தப் படத்தில் கைக்குழி தலைகீழாக இருக்கிறது.’ ‘இங்கே பட்டி என்று போட்டால் எங்களுக்குப் புரியும், விளிம்புத்துணி என்றால் புரியாது.’ ‘இந்தப் பக்கம் ரொம்ப நீளம், துணி வெட்டிக்கொண்டே படிக்க முடியவில்லை.’ உமாராணி ஒவ்வொன்றையும் குற்றம் கண்டுபிடிக்கிற ஆசையோடுதான் திறப்பாள். குற்றம் இருக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புதல் பொத்தானை அழுத்துவாள். பக்கத்தின் அடியில் மாரிச்செல்வி, மாரிச்செல்வி, மாரிச்செல்வி என்று வரிசையாக ஏறிக்கொண்டே போகும்.

ஸ்ரீமதியோ கத்தரித் தொண்டர்களின் வாட்ஸப் குழுவில் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினாள். ‘நம் கையேட்டுக்குக் கிடைத்த சொத்து’ என்று எழுதினாள். ஏழு வருடத்தில் உமாராணியை அவள் சொத்து என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ‘நன்றி உமாராணி’ என்று கை கூப்பிய பொம்மையோடு முடித்துக்கொள்வாள். சொத்து என்ற அந்த வாக்கியத்தைப் படித்த அன்று உமாராணி சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள்.

ஜூன் மூன்றாம் தேதி பதினான்காம் பக்கத்துக்கு ஒரு குறிப்பு வந்தது.

‘இந்தப் பக்கத்தில் மார்புச் சுற்றளவைப் பதிவு செய்க என்று மட்டும் இருக்கிறது. எதில் அளப்பது என்று இல்லை. எங்கள் பக்கம் யாரும் உடம்பில் அளவெடுக்க மாட்டோம். எல்லாரும் அளவு ஜாக்கெட்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். அளவு ஜாக்கெட்டில் லூசு ஏற்கெனவே இருக்கிறது. கத்தரி அதற்கு மேலே இன்னும் இரண்டு இஞ்சு லூசு சேர்க்கிறது. அதனால் கழுத்தும் அகலமாகி ஜாக்கெட் தோளில் நிற்காமல் இறங்குகிறது. அளவு ஜாக்கெட் வைத்து அளந்தால் லூசு என்ற கட்டத்தில் பூஜ்யம் போட வேண்டும். இதைப் பெரிய எழுத்தில் போடவும். மாரிச்செல்வி, இலஞ்சி.’

உமாராணி அதை ஒரு தடவைதான் படித்தாள். ஆங்கிலக் கையேட்டை எழுதியவர்களுக்கு அளவு ஜாக்கெட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அவர்கள் ஊரில் டேப்பை உடம்பைச் சுற்றிப் பிடிப்பார்கள். அவர்களுக்குத் தெரியாதது நியாயம். உமாராணி பாவாடை தாவணி கட்டின நாளிலிருந்து நாற்பது வயது நெருங்கும் இன்றுவரை ஒரு டைலரிடமும் உடம்பைக் காட்டி அளவு கொடுத்ததில்லை. ஒவ்வொரு தடவையும் பழைய ஜாக்கெட் ஒன்றை மஞ்சப் பையில் சுருட்டிக்கொண்டுதான் போயிருக்கிறாள். அப்படிப்பட்டவள் அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதும்போது ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஏழு வருடமாக யாருமே சொல்லவுமில்லை. கத்தரி சரியில்லை என்று எத்தனை பேர் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார்களோ தெரியாது.

குறிப்பு சரி என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. அதனால்தான் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. மற்ற இருபத்தொன்பதும் சின்னத் திருத்தங்கள். இது அப்படியல்ல. இதை ஏற்றால் நாளைக்கு ஸ்ரீமதி குழுவில் எழுதுவாள், எல்லாரும் படிப்பார்கள், ஏழு வருடமாக உமாராணி தப்பாக எழுதி வைத்திருந்ததை இலஞ்சி டைலர் கண்டுபிடித்தாள் என்றுதான் பேச்சு வரும். கையேடு அதன்பிறகு யாருடையது?

பட்டியலில் அந்தக் குறிப்புக்கு எதிரே ‘பரிசீலனையில்’ என்று குறித்து வைத்தாள். பரிசீலனை என்பது நல்ல சொல். அதற்குள் எதை வேண்டுமானாலும் போட்டு மூடிவிடலாம்.

மூன்று வாரம் போனது. குற்றாலச் சாரல் சீசன் தொடங்கி, துவைத்த துணி காயாமல் வீடெல்லாம் கொடி கட்டியிருந்தது. உமாராணி எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள்.

“ஏட்டி, உனக்கு என்னதான் ஆச்சு? ஸ்டேசன்ல அக்யூஸ்டுகூட இவ்வளவு மொறைக்க மாட்டான்” என்றான் கணேசமூர்த்தி.

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாமயா அந்த போனப் பாத்துப் பாத்துப் பல்லக் கடிக்கே? சம்பளமில்லாத வேலைக்கு இவ்வளவு கோவம் ஆவாது பாத்துக்கோ.”

“சம்பளம் இருந்தா கோவத்துக்கு மருந்து வாங்கலாம். இதுக்கு அதுவும் இல்ல” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் சென்டரில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, ஒரு பழைய ஜாக்கெட்டையும் ஒரு புதுத் துணியையும் பையில் போட்டுக்கொண்டு இலஞ்சிக்குப் பஸ் ஏறினாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. அந்த மூஞ்சியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், கடை ஈ ஓட்டிக்கொண்டிருந்தால் மனசு கொஞ்சம் ஆறும் என்ற நினைப்புதான்.

கடை ஈ ஓட்டவில்லை. முன்னறையில் இரண்டு மெஷின், நாலைந்து பெண்கள் காத்திருந்தார்கள். மாரிச்செல்விக்கு முப்பது வயதுக்கு மேல் இராது. கழுத்தில் டேப், வாயில் இரண்டு குண்டூசி. உமாராணியைப் பார்த்ததும் ஊசிகளை எடுத்துவிட்டு, “வாங்கக்கா, இங்கன உக்காருங்க” என்று ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள். “அளவு ஜாக்கெட் கொண்டாந்திருக்கியளா?”

உமாராணி கொடுத்தாள். மாரிச்செல்வி அதை மேஜையில் விரித்து, உள்ளங்கையால் சுருக்கத்தை நீவினாள். உடனே அளக்கவில்லை.

“இது தச்சு எத்தன வருசம் இருக்கும்க்கா?”

“மூணு.”

“இப்பவும் இதத்தான் போடுதியளா, இல்ல பீரோல கெடந்ததா? சில பேரு பிள்ளப் பேறுக்கு முன்னால தச்சதக் கொண்டாந்துருவாவ. பொறவு நம்மளத்தான் வையுதாவ.”

“போடுததுதான்.”

அதற்கப்புறம் அளந்து, ஓரத்திலிருந்த பழைய லேப்டாப்பில் எண்களைத் தட்டினாள். கத்தரி. உமாராணிக்குத் தன் வீட்டு நாயை அடுத்த வீட்டு வாசலில் பார்த்த மாதிரி இருந்தது. லூசு என்ற கட்டத்தில் மாரிச்செல்வி பூஜ்யம் போட்டாள்.

“அது என்ன பூஜ்யம்?” என்று உமாராணி ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டாள்.

மாரிச்செல்வி குறிப்பில் எழுதியிருந்ததை அப்படியே சொன்னாள். சொல்லிக்கொண்டே மேஜை அடியிலிருந்து தடியாக ஒன்றை எடுத்துப் போட்டாள். கையேடு. நூற்று நாற்பது பக்கத்தையும் அச்சடித்து, சுருள் கம்பி போட்டு, அட்டை கிழியாமல் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தாள். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறி, சாக்பீஸ் தூசி, ஓரிடத்தில் எண்ணெய்க் கறை. உமாராணி தான் எழுதியதைத் தாளில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“இத எழுதினது தென்காசில ஒரு டீச்சராம்க்கா. உமாராணின்னு பேரு. அவ்வொ எழுதினதப் படிச்சித்தான் நான் இந்தப் பொட்டியவே தொட்டேன். அம்புட்டுத் தெளிவா இருக்கும். ஆனா ஒண்ணு, அவ்வொ தச்சவ்வொ இல்ல.”

“எப்படிச் சொல்லுதே?”

“பதினாலாம் பக்கத்தப் பாத்தாலே தெரிஞ்சிரும்லா.”

“அவ்வொட்ட சொல்ல வேண்டியதுதானே.”

“சொல்லிட்டேனே. இருவத்தஞ்சி நாளாச்சி. அவ்வொளுக்கு ஆயிரம் வேல இருக்கும், பாவம். சம்பளமில்லாமச் செய்யுதாவ. பாக்காமலா இருப்பாவ?” மாரிச்செல்வி பில் புத்தகத்தை எடுத்தாள். “பேரு என்னக்கா?”

“அனுசியா” என்று உமாராணி வாயில் வந்ததைச் சொன்னாள். “அடுத்த வாரம் வாங்கிக்கிடுதேன்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தபோதே அவளுக்கு அழுகை வந்தது. வீட்டுக்குப் போன கையோடு ஒப்புதல் பொத்தானை அழுத்திவிடுவது என்று முடிவு செய்தாள். பாவம் என்றாளே, அந்தச் சொல்தான் குத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து பட்டியலைத் திறக்கும்போது குழுவில் ஸ்ரீமதியின் செய்தி வந்து நின்றது. ஜூலை பதினான்காம் தேதி தொண்டர்கள் கூட்டம், இந்த வருடம் குற்றாலத்தில். சீசனும் ஆச்சு, கூட்டமும் ஆச்சு. முதலில் பேசப்போவது மாரிச்செல்வி.

போன வருடம் மதுரையில் முதலில் பேசியது உமாராணி. அதற்கு முந்தின வருடமும் அவள்தான். பேச்சைக் கேட்டு யாரும் மயங்கி விழவில்லைதான். ஆனாலும் முதலில் பேசியது அவள்தான். பட்டியலை அப்படியே மூடிவிட்டு அரிசி களையப் போனாள்.

குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டில் ஒரு சின்ன மண்டபம் பிடித்திருந்தார்கள். பத்து மணிக் கூட்டத்துக்குப் பதினொன்றரைக்குத்தான் ஆள் சேர்ந்தது. அருவி விழும்போது யாரைக் கட்டிப் போட முடியும்? ஈரத் தலையும் தோளில் துண்டுமாக ஐம்பது பேர் வந்து உட்கார்ந்தார்கள். வாசலில் ஒருத்தர் எல்லாருடைய கழுத்திலும் பெயர் அட்டையை மாட்டிவிட்டார். உமாராணியின் அட்டையில் ‘உமாராணி, தமிழ்க் கையேடு’ என்று இருந்தது.

இலஞ்சிக்குப் போனதை அவள் ஒரு காரியமாகவே நினைத்திருக்கவில்லை. கடைக்கு எத்தனையோ பேர் வருவார்கள், ஒரு தடவை பார்த்த மூஞ்சியா நினைவிருக்கும் என்று இருந்தாள். டைலர்கள் ஆளை மூஞ்சியால் மட்டும் அடையாளம் வைப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

“அனுசியாக்கா” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “தோளப் பாத்ததுமே நீங்கதான்னு நெனச்சேன். ஜாக்கெட் தச்சி ரெண்டு வாரமாத் தொங்குது, நீங்க வரவேயில்லையே. இங்கன எப்படி...”

உமாராணி திரும்பினாள். மாரிச்செல்வியின் பார்வை அட்டைக்கு இறங்கியது. ஒரு தடவை படித்தாள், மறுபடியும் படித்தாள். முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாக வடிந்தது. தலையை ஒரு தடவை ஆட்டிவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் பேசியது அவள்தான். மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு பேசினாள்.

“முந்தி பதினோரு படி இருந்திச்சி. நான் ரெண்டாம் படியிலயே நின்னுட்டேன். பன்னெண்டாவது படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ள ஒண்ணு நாலாம் படி வரைக்கும் ஏத்தி விட்டுச்சி. அங்கன கிளை பிரிங்கன்னு போட்டிருந்திச்சி. அடுப்புல பாலு வேற. அப்படியே விட்டுட்டேன்.” எல்லாரும் சிரித்தார்கள். “இப்பம் கீழ ஒரு கட்டம் இருக்கு. என்ன சரியில்லன்னு கேக்கு. எங்கள மாதிரி ஆளுகட்ட அப்படி யாரும் கேட்டதில்லங்க. கேட்டா சொல்லாமலா இருப்போம்?”

கைத்தட்டல் அடங்கும்வரை உமாராணியும் தட்டினாள். தான் பேசியிருந்தால் இருபது நிமிடம் ஆகியிருக்கும், ஒருத்தரும் சிரித்திருக்க மாட்டார்கள் என்பதையும் நினைத்துக்கொண்டாள்.

அப்போது நடு வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்தாள். ஐம்பது வயதிருக்கும். வாசுதேவநல்லூரில் பெண்கள் பத்துப் பேரை வைத்துத் தையல் குழு நடத்தும் ஷரீபுன்னிசா. கையில் ஒரு மஞ்சள் ஜாக்கெட்.

“நான் சண்டைக்கு வரல. ஒரு சந்தேகம் கேக்கணும். கோயில் கொடைத் திருவிழாவுல கும்மியடிக்க எங்க ஊருப் பொம்பளையளுக்கு ஒரே மாதிரி ஜாக்கெட், முப்பத்தெட்டு உருப்படி. கையால வெட்டினா நாளாகும்னு போன வாரம் இந்தக் கத்தரிய வச்சி வெட்டினோம். பதினாலாம் பக்கத்துல போட்டிருக்கிற மாதிரி, ஒரு எழுத்து மாத்தாமத்தான் செஞ்சோம். அளவு ஜாக்கெட் முப்பத்தெட்டும் சரியா அளந்தது நான். பாருங்க.” ஜாக்கெட்டைத் தன் தோளில் வைத்துக் காட்டினாள். கழுத்து இரண்டு பக்கமும் நழுவி இறங்கியது. “முப்பத்தெட்டும் இப்படித்தான். சுத்தளவப் பிடிச்சித் தச்சிரலாம், கழுத்த எப்படிப் பிடிக்க? எங்க குழுப் பிள்ளையள்லாம் அழுதுட்டாளுவ. இது யாருக்குமே தெரியாதா?”

ஸ்ரீமதி மேடையில் இருந்த கணினியில் குறிப்புகளின் பட்டியலைத் திறந்தாள். அவள் தேடியது திரையிலும் தெரிந்தது. பதினான்காம் பக்கம். வந்த தேதி ஜூன் மூன்று. அனுப்பியவர் மாரிச்செல்வி. நிலை: பரிசீலனையில். நாற்பத்தொரு நாள்.

ஸ்ரீமதி நல்ல மாதிரி. திரையை உடனே வேறு பக்கத்துக்கு மாற்றிவிட்டு, “உமாராணி, நிறையக் குறிப்பு வருதுங்க, இது ஒண்ணு உங்க கண்ணுல படாம விட்டுப் போச்சுங்களா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. எல்லாருக்கும் நடப்பதுதான், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பொய் என்று தெரிந்தவள் அந்த மண்டபத்தில் ஒரே ஒருத்தி. அவள் முன்வரிசையில் மடியில் கையைக் கோத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து சொல்லப்போவதில்லை என்பது அந்த முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. காட்டிக் கொடுக்கவும் மாட்டாள், இத்தனைக்குப் பிறகும். உமாராணிக்கு அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நல்லவளாக இருப்பதிலும் அவளே முந்த வேண்டுமா?

“பட்டுச்சி” என்றாள் உமாராணி. எழுந்து நின்றாள். “வந்த அன்னைக்கே படிச்சேன். சரியாத்தான் எழுதிருக்கான்னும் தெரியும். நான்தான் ஏத்தாம வச்சிருந்தேன்.”

“ஏனுங்க?” என்று ஸ்ரீமதி நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

“அவ எழுதினதுனால.”

ஷரீபுன்னிசா ஜாக்கெட்டை மடித்துப் பையில் வைத்தாள். “நல்ல காரணம்” என்றாள்.

கூட்டம் அதன்பிறகும் நடந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் ஸ்ரீமதி முடிவைச் சொன்னாள். வெட்டுவது, தைப்பது சம்பந்தமான பக்கங்களுக்கு வரும் குறிப்புகளை இனிமேல் வெட்டித் தைக்கிறவர்களே பார்ப்பார்கள். தமிழுக்கு மாரிச்செல்வி. உமாராணியின் பெயர் முதல் பக்கத்தில் இருக்கும். ஏழு வருட வேலை இல்லை என்று ஆகிவிடாது. ஒப்புதல் பொத்தான் மட்டும் அவளிடம் இருக்காது. அன்றைக்கே, அங்கேயே மாற்றிவிட்டார்கள். மாரிச்செல்வி தன் முதல் ஒப்புதலாகப் பதினான்காம் பக்கக் குறிப்பை ஏற்றினாள். கையெழுத்துப் போடுகிறவள் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள்.

சாப்பாட்டுப் பந்தியில் ஷரீபுன்னிசாவுக்குப் பக்கத்து இலையில் மாரிச்செல்வி உட்கார்ந்திருந்தாள். கழுத்தைக் காப்பாற்ற முடியுமா என்றுதான் இருவருக்கும் பேச்சு. “பின்கழுத்துல ரெண்டு பக்கமும் கயிறு வச்சிக் கட்டினா தோள்ல நிக்கும்க்கா. முன்கழுத்துக்கு உள்ள ஒரு பட்டி குடுத்துச் சுருக்கிரலாம். கும்மிக்குக் கயிறு ஆடினா அழகாத்தான் இருக்கும்” என்று மாரிச்செல்வி இலையிலேயே விரலால் வரைந்து காட்டினாள். எதிர் வரிசையிலிருந்து உமாராணி ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

கை கழுவும் இடத்தில் மாரிச்செல்வி பக்கத்தில் வந்து நின்றாள்.

“அன்னைக்கு எங்கடையில வச்சி ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பதிலுக்கு நிற்காமல், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் சென்டரில் முதல் வகுப்பு முடிந்ததும் உமாராணி பதினான்காம் பக்கத்தைத் திறந்தாள். அளவு ஜாக்கெட் என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே மாரிச்செல்வியின் பெயர். ஆனால் பழைய பக்கத்தைப் பார்த்து வெட்டிவிட்டவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. வாசுதேவநல்லூரில் மட்டும்தானா வெட்டியிருப்பார்கள்? பழக்கத்தில் ‘திருத்து’ என்ற பொத்தானைத் தொட்டாள். உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது. பக்கத்தின் அடிக்குப் போனாள். அந்தக் கட்டத்தில் அவள் இதுவரை ஒரு எழுத்தும் எழுதியதில்லை.

‘ஜூலை பதினான்காம் தேதிக்கு முன்னால் இந்தப் பக்கத்தைப் பார்த்து, அளவு ஜாக்கெட் வைத்து வெட்டியவர்களுக்கு’ என்று தொடங்கினாள். கழுத்து இறங்கினால் என்ன செய்வது, கயிறு எங்கே வைப்பது, பட்டி எவ்வளவு அகலம் என்று பந்தியில் கேட்டதை அப்படியே எழுதினாள். கயிறு யோசனை மாரிச்செல்வியுடையது என்றும் போட்டாள். கடைசியாக ஒரு வரி சேர்த்தாள். ‘பிழை உங்களுடையது அல்ல, தெரிந்தே நாற்பத்தொரு நாள் திருத்தாமல் வைத்திருந்த உமாராணியுடையது.’ அந்த வரியை நாலைந்து தடவை மாற்றி எழுதினாள். நன்றாக அமைந்த பிறகுதான் அனுப்பினாள்.

‘நன்றி. உங்கள் குறிப்பை மாரிச்செல்வி பார்ப்பார்’ என்று வந்தது.

உமாராணி நாற்காலியில் சாய்ந்தாள். நாற்பத்தொரு நாள் வைத்துக்கொள்ள அவளுக்கு உரிமை உண்டு. ஒரு வருடம் வைத்தாலும் கேட்க முடியாது. வைத்துக்கொள்ளட்டும் என்றுகூட ஆசையாக இருந்தது. இரண்டு பேரும் ஒன்று என்று ஆகிவிடும். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதற்குள் பதில் வந்துவிட்டது. நாலு நிமிடம்.

‘குறிப்பு ஏற்கப்பட்டது. ஒரு வரி நீக்கப்பட்டது.’

நீக்கியது கடைசி வரி. பக்கத்தில் காரணம் எழுதியிருந்தாள். ‘துணி வெட்டுகிறவர்களுக்கு இது தேவையில்லை அக்கா.’

உமாராணி பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தாள். அந்த வரியைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி எழுதலாம் என்று கட்டத்தில் விரலை வைத்தாள். என்ன காரணம் சொல்வது என்று யோசித்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த வரி இல்லாமல் பக்கம் நன்றாகத்தான் இருந்தது. அவளுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.